வெப்மின்

வெப்மின் என்பது லினக்ஸ், யூனிக்ஸ் சர்வர்களை உலாவி வழியாக நிர்வகிக்க உதவும் கட்டற்ற மென்பொருள். ஆஸ்திரேலியரான ஜேமி கேமரன் இதைப் பெர்ல் மொழியில் எழுதி, 1997 அக்டோபர் 5 அன்று முதல் பதிப்பை வெளியிட்டார். பி.எஸ்.டி. உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பயனர் கணக்கு சேர்ப்பது, டி.என்.எஸ். பதிவை மாற்றுவது, அப்பாச்சியையும் அஞ்சல் சர்வரையும் அமைப்பது, வட்டு, ஃபயர்வால், பேக்கப், கிரான் பணிகள் என ஒரு சர்வரில் செய்ய வேண்டிய வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதில் தனித்தனி மாட்யூல்கள் உண்டு. அவற்றின் எண்ணிக்கை நூறைத் தாண்டும்.

சொந்தமாகச் சர்வர் வைத்து நடத்துபவர்களுக்கு இது பெரிய துணை. ஆனால் வீட்டின் எல்லாச் சாவிகளும் கோத்த ஒரே வளையமும் இதுதான். அந்த வளையத்தை எங்கே மாட்டிவைப்பது, பழுதான சாவியை எப்போது மாற்றுவது, மாற்றுச் சாவியைச் செய்துதருபவரை எப்படி நம்புவது என்ற மூன்று கேள்விகளும் வெப்மினின் வரலாறு நெடுகத் தொடர்கின்றன. மூன்றாவது கேள்வியின் கனம் 2019இல்தான் எல்லாருக்கும் புரிந்தது.

தோற்றம்

1990களின் நடுப்பகுதியில் யூனிக்ஸ் சர்வரைப் பராமரிப்பது என்றால் கருந்திரையில் அமைவுக் கோப்புகளைத் திறந்து கையால் திருத்துவதுதான். கேமரன் அப்போது பார்த்துக்கொண்டிருந்த சர்வரின் பயனர்கள், டி.என்.எஸ். பதிவு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றாலும் அவரிடமே வந்து நின்றார்கள். சர்வர் முழுவதையும் ஆளும் ரூட் கணக்கின் கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுக்க முடியாது. தங்களுக்கு உரிய பகுதியை மட்டும் அவர்களே மாற்றிக்கொள்ள ஒரு வலைப்பக்கம் செய்து தந்தால் என்ன என்று தொடங்கிய வேலைதான் வெப்மினாக வளர்ந்தது. இன்று ஏதோ பெரிய அதிகார மையம்போலத் தோன்றும் மென்பொருள், அதிகாரத்தை அளந்து பங்கிட்டுக் கொடுப்பதற்காகப் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. அந்த நோக்கம் இதன் அனுமதிப் பட்டியல்களில் இன்றும் இருக்கிறது. ஒருவருக்கு ஒரே ஒரு மாட்யூலையும், அதற்குள் ஒரே ஒரு டொமைனையும் மட்டும் திறந்துவிடலாம். பலர் அந்த வசதியைத் தொடுவதே இல்லை. ரூட்டாக உள்ளே போய் ரூட்டாகவே வெளியே வருகிறார்கள்.

அதே காலத்தில் இதே தேவைக்கு வேறு கருவிகளும் இருந்தன. ஜாக் ஜெலினா எழுதிய லினக்ஸ்கான்ஃபை ரெட் ஹேட் சில ஆண்டுகள் தன் வெளியீட்டோடு சேர்த்துக் கொடுத்துப் பிறகு கைவிட்டது. சாம்பாவுக்கென்றே இருந்த ஸ்வாட் என்ற வலை இடைமுகம், தொடர்ந்து வந்த பாதுகாப்புச் சிக்கல்களால் சாம்பா 4.1இலிருந்து நீக்கப்பட்டது. வெப்மின் நிலைத்தது. கேமரனே எழுதிய வெப்மின் வழிகாட்டி நூலை பிரென்டிஸ் ஹால் பதிப்பித்தது. சாதாரணப் பயனர்களுக்கான யூசர்மின், ஒரே சர்வரில் பல வலைத்தளங்களை நடத்துவோருக்கான விர்ச்சுவல்மின் ஆகியவை வெப்மினிலிருந்து கிளைத்தவை. விர்ச்சுவல்மினில் கேமரனுடன் ஜோ கூப்பர் நெடுங்காலமாகச் சேர்ந்து உழைக்கிறார். இன்று நாம் காணும் ‘ஆத்தென்டிக்’ தோற்றம் இலியா ரோஸ்தோவ்செவின் கைவண்ணம்.

அமைப்பு

வெப்மினுக்கு அப்பாச்சி தேவையில்லை, டேட்டாபேஸும் தேவையில்லை. ‘மினிசர்வ்’ என்ற சின்னஞ்சிறு வெப் சர்வரைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. அதுவும் பெர்லில் எழுதியதுதான். வழக்கமாகப் போர்ட் 10000இல் காத்திருக்கும், யூசர்மினுக்கு 20000. திரையில் நாம் செய்யும் மாற்றத்தைத் தனியாக எங்கோ சேமிக்காமல், அந்தந்தச் சேவையின் அமைவுக் கோப்பிலேயே நேராக எழுதிவிடும். முன்பு யாரோ கையால் எழுதிவைத்த குறிப்புகளையும் வரிசையையும் கலைக்காமல் அது செய்யும் பாங்கு தனி அழகு. காலையில் வெப்மினில் ஒன்றை மாற்றி, மாலையில் டெர்மினலில் அதே கோப்பைத் திறந்து தொடரலாம். இரண்டுக்கும் சண்டை வராது.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. எல்லா அமைவுக் கோப்புகளையும் திருத்த வேண்டுமானால் மினிசர்வ் ரூட் உரிமையோடு ஓட வேண்டும். சாதாரண வெப் சர்வரில் ஓட்டை விழுந்தால், நுழைந்தவன் குறைந்த உரிமையுள்ள ஒரு கணக்கில் சிக்கி நிற்பான். மினிசர்வில் ஓட்டை விழுந்தால் அவன் நேராக நடுக்கூடத்தில் நிற்பான். தொடக்க காலத்தில் குறியாக்கமும் கட்டாயமாக இல்லை. நெட் எஸ்.எஸ்.லே என்ற பெர்ல் மாட்யூலைத் தனியாக நிறுவியிருந்தால்தான் இணைப்பு மறைகுறியாகும். இல்லாவிட்டால் ரூட் கடவுச்சொல் வெறும் எழுத்தாக வலையில் போகும். தானே கையொப்பமிட்ட சான்றிதழோடு வந்த பிற்காலப் பதிப்புகளிலும் உலாவி எச்சரிக்கை காட்டியது. நிர்வாகிகள் அதைத் தள்ளிவிட்டு உள்ளே போகப் பழகிப்போனார்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் வந்தபின் சான்றிதழை வெப்மினுக்குள்ளிருந்தே பெறும் வழி சேர்க்கப்பட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பும் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

2006: படிக்கக் கூடாததைப் படித்தவர்கள்

ரூட்டாக ஓடுவதன் ஆபத்து 2006இல் வெளிப்பட்டது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சி.வி.இ.-2006-3392 என்று பதிவான அந்தக் குறை 1.290க்கு முந்தைய வெப்மினையும் 1.220க்கு முந்தைய யூசர்மினையும் பாதித்தது. முகவரியில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் வந்தால் ‘மேலடைவுக்குப் போ’ என்று பொருள். யாரும் அப்படி ஏறிப் போகக் கூடாது என்று மினிசர்வ் அந்தக் குறிகளை முதலில் நீக்கிவிடும். அந்த இரண்டு புள்ளிக்கும் சாய்கோட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டு எழுத்தை நுழைத்தால் வடிகட்டி ஏமாந்துவிடும். பிறகு வேறொரு கட்டத்தில் அந்தக் கட்டுப்பாட்டு எழுத்து உதிர, ஏறிப்போகும் குறி மறுபடி உயிர்பெறும். சுத்தம் செய்வதும் சரிபார்ப்பதும் வரிசை மாறி நடந்ததன் விளைவு இது. கடவுச்சொல் தெரியாத ஒருவரால் சர்வரின் எந்தக் கோப்பையும் படிக்க முடிந்தது. மறைகுறியான கடவுச்சொற்கள் இருக்கும் ‘ஷேடோ’ கோப்பும் அதில் அடக்கம்.

திருத்தம் உடனே வந்தது. ஆனால் வெப்மினை நிறுவிவிட்டு மறந்தவர்களின் சர்வர்களில் அந்த ஓட்டை பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் மாணவர்கள் முதலில் பழகும் தாக்குதல்களில் இதுவும் ஒன்றானது. அடுத்த ஆண்டு வந்த டெபியன் 4.0இல் வெப்மின் இடம்பெறவில்லை. அதன்பின் டெபியன், உபுண்டு பயனர்கள் வெப்மினின் சொந்தக் களஞ்சியத்தைத் தங்கள் சர்வரில் சேர்த்தாக வேண்டும், அல்லது பேக்கேஜைக் கையால் இறக்க வேண்டும். கையால் இறக்கியவர்களுக்கு இயங்குதளத்தின் வழக்கமான அப்டேட்டோடு வெப்மின் புதுப்பிக்கப்படாது. மற்ற எல்லாம் புதிதாக இருக்கும். ரூட்டாக ஓடும் இது மட்டும் பழையதாகவே கிடக்கும். களஞ்சியத்தை முறையாகச் சேர்ப்பதுதான் வெப்மின் பாதுகாப்பின் முதல் படி என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

புதிய பதிப்புக்கு மாறுதல்

நிரல் ஓர் அடைவில், அமைவு இன்னோர் அடைவில் என்று வெப்மின் தொடக்கத்திலிருந்தே பிரித்துவைத்திருப்பது மேம்படுத்தலை எளிதாக்குகிறது. போர்ட், பயனர், அனுமதி, சான்றிதழ் எல்லாம் ‘எட்சி’ அடைவின் கீழ் உள்ள வெப்மின் அடைவில் இருக்கும். ஆர்.பி.எம்., டெப், டார் கோப்பு, வெப்மினின் அமைவுப் பக்கத்திலேயே உள்ள மேம்படுத்தல் பொத்தான் என எந்த வழியில் போனாலும் நிரல் மாறும், அமைவு நிற்கும். டார் கோப்பிலிருந்து நிறுவும்போது அமைவு அடைவு எது என்று செட்டப் நிரல் கேட்கும். பழைய அடைவைக் காட்டினால் மேம்படுத்தல், வேறொன்றைக் காட்டினால் புது நிறுவல். மாற்றுவதற்கு முன் அந்த அடைவை ஒருமுறை நகலெடுத்து வைத்தால் போதும், திரும்பிவர வழி இருக்கும். பிறர் எழுதிய மாட்யூல்களும் தோற்றங்களும்தான் சில சமயம் புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் மக்கர் பண்ணும்.

2018–2019: புழக்கடைக் கதவு

‘எப்போதும் புதிய பதிப்பில் இரு’ என்பதுதான் சர்வர் நிர்வாகிகளுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை. 2018இல் அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தவர்களே மாட்டிக்கொண்டார்கள்.

2018 ஏப்ரலில், வெப்மினின் பேக்கேஜ்களைத் தயாரிக்கும் சர்வருக்குள் யாரோ நுழைந்தார்கள். கடவுச்சொல்லை மாற்ற உதவும் ஒரு சிறிய நிரல்கோப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். உலாவியிலிருந்து வரும் எழுத்துகளை அப்படியே இயங்குதளத்துக்குக் கட்டளையாக அனுப்பும் ஒரு துணுக்கை அதில் செருகினார்கள். ஒரு வரிக்குள் அடங்கிவிடும் மாற்றம் அது. பிறகு கோப்பின் நேரமுத்திரையைப் பின்னுக்குத் தள்ளி, யாரும் தொடாத பழைய கோப்புபோல வைத்துவிட்டார்கள். கிட்ஹப்பில் இருந்த மூலநிரல் தூய்மையாக இருந்தது. அதைப் படித்துப் பார்த்த எவருக்கும் தவறு தெரிந்திருக்காது. சோர்ஸ்ஃபோர்ஜ் வழியாக மக்கள் இறக்கிக்கொண்ட பேக்கேஜில்தான் நஞ்சு இருந்தது. 1.890 பதிப்பு அதோடு வெளியானது. அதை நிறுவியவர் எந்த அமைப்பையும் மாற்றாவிட்டாலும், கடவுச்சொல்லே தெரியாத ஒருவர் ரூட் உரிமையோடு கட்டளை இட முடிந்தது.

அந்தக் கோப்பு பின்னர் கிட்ஹப் நகலால் மாற்றப்பட்டது. ஜூலையில் தாக்கியவர் மறுபடி வந்தார். இந்த முறை, காலாவதியான கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளப் பயனரை அனுமதிக்கும் தெரிவு இயக்கப்பட்டிருந்தால் மட்டும் திறக்கும்படி கதவை ஒளித்தார். ‘பழைய கடவுச்சொல்’ கட்டத்தில் எழுதியது கட்டளையாக ஓடும். மினிசர்வின் அமைவுக் கோப்பில் ‘பாஸ்வ்டு மோட்’ என்ற வரியின் மதிப்பு 2 என்று இருந்தால் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். 2018 செப்டம்பரில் அந்தப் பழைய சர்வரையே ஓரங்கட்டிவிட்டுப் புதிய சென்ட் ஓ.எஸ். 7 சர்வருக்கு மாறினார்கள். தற்செயலாக அங்கேயே எல்லாம் முடிந்திருக்கலாம். ஆனால் பேக்கேஜ் தயாரிக்கும் அடைவு பேக்கப்பிலிருந்து அப்படியே புதிய இடத்துக்கு நகலெடுக்கப்பட்டது. திருத்தப்பட்ட கோப்பும் கூடவே குடிபெயர்ந்தது. 1.900 முதல் 1.920 வரை எல்லாப் பதிப்புகளிலும் அது பயணித்தது.

2019 ஆகஸ்ட் 10 அன்று, டெஃப்கான் மாநாட்டில் ஓஸ்கான் முஸ்தஃபா அக்குஷ் என்ற ஆய்வாளர் இதை வெளியிட்டார். உருவாக்குநர்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. முதலில் பலர் இதை நிரல் பிழை என்றே எண்ணினார்கள். கிட்ஹப் நகலையும் பேக்கேஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோதுதான் இது யாரோ வைத்த கதவு என்று தெரிந்தது. ஆகஸ்ட் 17இல் செய்தி கேமரனை எட்டியது, உடனே 1.930 வெளியானது. உடனடியாக மாற முடியாதவர்களுக்கு, அந்த ‘பாஸ்வ்டு மோட்’ வரியை நீக்கிவிட்டு வெப்மினை மறுதொடக்கம் செய்யுங்கள் என்ற வழியும் சொல்லப்பட்டது. 1.890இல் இருந்தவர்களுக்கு அதுவும் போதாது, பதிப்பையே மாற்றியாக வேண்டும். குறைக்குச் சி.வி.இ.-2019-15107 என்ற எண் கிடைத்தது. அதே ஆண்டிலேயே ரோபோட்டோ என்ற பாட்நெட் இந்தக் கதவு வழியாகச் சர்வர்களைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டிருந்ததைச் சீனாவின் 360 நெட்லேப் கண்டறிந்தது.

கேமரன் நடந்ததை மாதவாரியாக எழுதி வெளியிட்டார். பேக்கப்பிலிருந்து தாமே நஞ்சைக் கொண்டுவந்த பகுதியையும் அதில் மறைக்கவில்லை. அந்த நேர்மை மதிக்கத்தக்கது. அது இல்லையென்றால் பிறர் இதிலிருந்து எதையும் கற்றிருக்க முடியாது. அதன்பின் பேக்கேஜ்கள் உள்ளூர் அடைவிலிருந்து அல்லாமல் கிட்ஹப்பில் பதிவான நிரலிலிருந்து மட்டுமே உருவாகும்படி மாற்றினார்கள். பழைய சர்வரிலிருந்து எட்டக்கூடிய கடவுச்சொற்கள், திறவிகள் அனைத்தையும் மாற்றினார்கள். முந்தைய ஓராண்டில் நிரலில் சேர்ந்த ஒவ்வொரு மாற்றத்தையும் மறுபடி சரிபார்த்தார்கள். ஜி.பி.ஜி. கையொப்பம் இந்த விஷயத்தில் காப்பாற்றியிருக்காது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பேக்கேஜ் வழியில் மாற்றப்படவில்லை என்பதைத்தான் கையொப்பம் காட்டும். தயாரிக்கும் இடத்திலேயே கலந்துவிட்டதற்கு அது சாட்சி சொல்லாது.

பின்னாளும் பூட்டும் முறைகளும்

அதே 2019இல், பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் மாட்யூலிலேயே சி.வி.இ.-2019-12840 என்ற குறை கண்டறியப்பட்டது. அந்த மாட்யூலுக்கு மட்டும் அனுமதி பெற்ற ஒருவர் ரூட்டாகக் கட்டளை இட முடிந்தது. 2022இல் கோப்பு மேலாளரில் ஒன்று 1.990இலும், பேக்கேஜ் நிறுவலில் ஒன்று 1.997இலும் திருத்தப்பட்டன. இவை மூன்றும் ஏற்கெனவே உள்நுழைந்த பயனரால் மட்டுமே பயன்படுத்தக்கூடியவை. ஆகவே உள்ளே யாரை விடுகிறோம், எந்த மாட்யூலைக் கொடுக்கிறோம் என்பதை ரூட் கடவுச்சொல்லுக்கு இணையான அக்கறையோடு பார்க்க வேண்டும்.

அனுபவமுள்ள நிர்வாகிகள் போர்ட் 10000ஐ இணையத்துக்குத் திறப்பதே இல்லை. மினிசர்வ் உள் முகவரியில் மட்டும் கேட்கும்படி வைத்து, எஸ்.எஸ்.ஹெச். சுரங்கம் அல்லது வி.பி.என். வழியாக மட்டும் அதை அணுகுகிறார்கள். அது முடியாத இடத்தில், அமைவில் அனுமதிக்கப்பட்ட ஐ.பி. முகவரிகளை வரையறுத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குகிறார்கள். போர்ட் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. தெருவில் போகிறவர் கண்ணிலிருந்து கதவை மறைக்க அது உதவும், பூட்டாக உதவாது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதை வெப்மின் செயல் பதிவேட்டில் காணலாம்.

ரெட் ஹேட் ஆதரவில் வளர்ந்த காக்பிட் இதே வேலைக்கு வேறு பாதை எடுத்தது. போர்ட் 9090இல் யாராவது வந்து தட்டும்போதுதான் அதன் சேவை விழிக்கும்; உள்நுழைந்தவரின் உரிமையோடுதான் வேலை செய்யும். வெப்மினின் மினிசர்வ் இன்றும் ரூட்டாகவே ஓடுகிறது. 2022இல் பதிப்பு எண் 2.000ஐ எட்டியது. கட்டமைப்பு பழையதுதான்; களஞ்சியத்தைச் சர்வரில் சேர்க்கும் வேலையை ஒரே ஸ்கிரிப்டாக்கிக் கொடுத்து, அதுவே நிறுவும் வழி என்று பரிந்துரைக்கிறார்கள். பழைய 1.x வரிசையிலேயே தங்கிவிட்ட ஒரு சர்வரை இன்று எவர் கையேற்றாலும், முதலில் பதிப்பு எண்ணைப் பார்க்கிறார்கள். அது 1.890 முதல் 1.920க்குள் இருந்தால் மேம்படுத்துவதோடு நிற்பதில்லை. அந்தச் சர்வரையே புதிதாக நிறுவி, கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றுகிறார்கள்.