புளியந்தீவில் ஓர் ஈராண்டுக் கல்லூரி: மட்டக்களப்பின் உயர்கல்வியில் விடுபட்ட படி

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மட்டக்களப்பில் இதை யாரும் புள்ளிவிபரமாகச் சொல்வதில்லை. ‘கம்பஸ் கிடைக்கல்ல’ என்ற பேச்சோடு ஒரு வீட்டின் எதிர்பார்ப்பு முடிந்துபோகிறது. அதன்பின் பிள்ளை மூன்றாம் தடவையும் பரீட்சைக்குக் குந்தும். இல்லாவிட்டால் தனியார் நிறுவனமொன்றில் காசு கட்டிச் சேரும். அதுவும் முடியாவிட்டால் கடையொன்றில் வேலைக்கு நிற்கும், அல்லது வெளிநாட்டு முகவரைத் தேடிப் போகும். தகுதி இருக்கிறதென்று அரசே சான்றிதழ் கொடுத்த பிள்ளையைப் பற்றித்தான் சொல்கிறேன். சித்தியடையாத பிள்ளையின் கதை வேறு. அதுவும் எழுதப்பட வேண்டியதே.

மாவட்டக் கோட்டா இந்த நெருக்கடியை ஓரளவு தணிக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் பின்தங்கியவை எனப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் மட்டக்களப்பும் ஒன்று. ஆனால் கோட்டா இருக்கும் இடங்களைப் பங்கிடுமே ஒழிய, புதிதாக ஓர் இடத்தைத் தராது. வெளியே நிற்பவர்களுக்கென்று ஒரு கல்லூரி வேண்டும் என்ற எண்ணம் ஆட்சியாளருக்கு வராமலில்லை. திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அது ஏன் ஒருமுறையும் வேரூன்றவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதல் முயற்சி 1969இல் நடந்தது. டட்லி சேனநாயக்க அரசில் ஐ. எம். ஆர். ஏ. ஈரியகொல்ல கல்வி அமைச்சராயிருந்த காலத்தில் கனிஷ்ட பல்கலைக்கழகக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. ஈராண்டு டிப்ளோமா, தொழில் சார்ந்த பாடங்கள் என்பது திட்டம். 1970இல் ஆட்சி மாறியதும் அவை கைவிடப்பட்டன. இரண்டாவது முயற்சி, தெற்கில் 1987 முதல் 1989 வரை நடந்த இளைஞர் கிளர்ச்சியில் ஓடிய இரத்தத்தின் பின் வந்தது. இளைஞர் விரக்தியின் காரணங்களை ஆராய ஜனாதிபதி ஆணைக்குழு அமர்ந்தது; 1991 முதல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் மாகாணங்கள்தோறும் எழுந்தன. அவையும் ஈராண்டு டிப்ளோமாவையே கொடுத்தன. ஒரு தசாப்தத்துக்குள் அவற்றிற் பல சபரகமுவ, ரஜரட்ட போன்ற புதிய பல்கலைக்கழகங்களாக மாறின. திருகோணமலையில் இருந்தது பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று.

இந்த இரண்டாவது முடிவைப் பலர் வெற்றியாகவே எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மாகாணத்துக்குப் பல்கலைக்கழகம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் டிப்ளோமாக் கல்லூரி பல்கலைக்கழகமாகும் நாளிலேயே அதன் வாசலும், உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்பட்டு அனுமதியைத் தீர்மானிக்கும் இஸட் புள்ளிக்குள் போய்விடுகிறது. யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்கள் மீண்டும் மதிலுக்கு வெளியே நிற்கிறார்கள். 1969இன் கல்லூரிகள் மூடப்பட்டு மறைந்தன. 1991இன் கல்லூரிகள் உயர்த்தப்பட்டு மறைந்தன. இடம் கிடைக்காத மாணவருக்கு இரண்டும் ஒன்றே.

மூன்றாவது முயற்சி இன்றும் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான, இன்று இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகம் எனப்படும் அமைப்பு நாடெங்கும் உயர் தேசிய டிப்ளோமாக்களை நடத்துகிறது. மட்டக்களப்பில் அதன் நிறுவகம் ஆரையம்பதிப் பக்கம் கோவில்குளத்தில் உள்ளது. முழுநேர மாணவர் கற்கைக் கட்டணம் செலுத்துவதில்லை. ஆங்கில டிப்ளோமா முடித்தவர்கள் ஆசிரியர் சேவைக்குச் சேர்க்கப்படுவதால், அந்தப் படிப்புக்குக் கிழக்கில் தனி மதிப்பு உண்டு. மலிவான, உழைப்புக்கு உதவுகின்ற படிப்பு இது. இதைக் குறைத்துப் பேசுவோர் அங்கு படித்துக் கிராமப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிக்கும் பெண் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்.

இதன் குறை வேறிடத்தில் உள்ளது. 2015 ஒக்டோபர் 29ஆந் திகதி, இந்த நிறுவகத்தின் கணக்கியல் டிப்ளோமா மாணவர்கள் கொழும்பு வோர்ட் பிளேசில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு முன் கூடினார்கள். பொலிஸார் தடியடி நடத்தி அவர்களைக் கலைத்தார்கள். மாணவர்களின் கோரிக்கை ஊதியமோ விடுதியோ பற்றியதல்ல. தங்கள் டிப்ளோமா பட்டத்துக்கு நிகராக முன்னர் ஏற்கப்பட்டிருந்தது, அந்த ஏற்பு மீள வேண்டும் என்றார்கள். அன்றைய செய்திகள் தடியடியோடு நின்றுவிட்டன. கல்வியாளர் கவனிக்க வேண்டியது கோரிக்கையைத்தான். பல ஆண்டுகள் படித்த ஒரு மாணவருக்குத் தன் படிப்பு எந்தப் படியில் நிற்கிறது, அதற்கு மேலே எங்கே ஏறலாம் என்று உறுதியாகச் சொல்ல யாருமில்லை. நிகர்நிலை கேட்டு வீதிக்கு வர நேர்ந்ததே, தொடர்ச்சி வகுக்கப்படவில்லை என்பதற்குச் சான்று.

தொழிற்கல்விப் பக்கமும் நிலை பெரிதாக மாறவில்லை. மஞ்சந்தொடுவாயில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஊரில் அதை ‘டெக்’ என்பார்கள். தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். தாளில் அழகான ஏணி. ஆனால் மேல் மட்டங்களுக்கென அமைந்த தொழில்நுட்பவியல் கல்லூரி கிழக்கு மாகாணத்துக்கு அம்பாறையில் இருக்கிறது. பட்டம் தரும் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இரத்மலானையில். மட்டக்களப்பின் வவுணதீவுப் பிள்ளைக்கு ஒவ்வொரு படியும் ஒவ்வொரு ஊரில் கிடக்கிறது.

மேலே ஏறும் வழி இருந்தால் டிப்ளோமா என்ன செய்யும் என்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், புளியந்தீவில் மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். பிறகு ஆசிரியப் பயிற்சி பெற்றார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவை 1916இல் முடித்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தைப் பெற்றார். அவரே பின்னாளில் சுவாமி விபுலானந்தர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். நாம் அவரைத் துறவியாகவும் யாழ்நூல் ஆசிரியராகவும் போற்றுகிறோம். வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்கு ஏறியவர் என்பதை மறந்துவிடுகிறோம். இலங்கையில் பல்கலைக்கழகமே இல்லாத காலத்தில், கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சை அவருக்கு அந்தப் படியைக் கொடுத்தது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் இக்காலத்து டிப்ளோமா மாணவருக்கு அப்படி ஒரு நிச்சயமான படி இல்லை.

வெளிநாட்டு அனுபவத்தில் இங்கு பயன்படக் கூடியது கொஞ்சம்தான். ஆனால் அது முக்கியமானது. அமெரிக்காவின் முதல் பொது ஈராண்டுக் கல்லூரி 1901இல் இலினொய் மாநிலத்து ஜோலியற் நகரில் ஆறு மாணவர்களோடு, ஏற்கெனவே இருந்த ஓர் உயர்நிலைப் பாடசாலைக் கட்டடத்தில் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டாண்டையும் ஊரிலேயே படிக்கலாம் என்பதே அதன் எண்ணம். 1947இல் ட்ரூமன் ஆணைக்குழு இவ்வகைக் கல்லூரிகளை நாடெங்கும் பரப்பப் பரிந்துரைத்தது. இதற்கு எதிரான கூர்மையான விமர்சனம் 1960இல் சமூகவியலாளர் பேர்ட்டன் கிளார்க்கிடமிருந்து வந்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு கல்லூரியை ஆராய்ந்த அவர், இந்நிறுவனங்கள் ஏழை மாணவரின் பட்டக் கனவை ஓசைப்படாமல் தணித்து, சிறிய இலக்குகளுக்கு அவர்களைப் பழக்குகின்றன என்றார்.

இந்த விமர்சனம் நமக்கும் பொருந்தும். ஈராண்டுக் கல்லூரி ஏழைக்கென ஒதுக்கிய இரண்டாந்தரக் கல்வியாக முடிந்துவிடும் அபாயம் உண்மையானது. ஆனால் அதே 1960இல் அதே கலிபோர்னியா தன் உயர்கல்விப் பெருந்திட்டத்தை வகுத்து, ஈராண்டுக் கல்லூரியிலிருந்து வருவோருக்கு இடமிருக்கும்படி பல்கலைக்கழகங்களின் மேலாண்டு இடங்களைப் பேண வேண்டும் என விதித்தது. நோயும் மருந்தும் ஒரே இடத்தில், ஒரே ஆண்டில் எழுதப்பட்டன. கனவைத் தணிப்பது இரண்டாண்டு என்ற கால அளவு அல்ல. மூன்றாம் ஆண்டில் இடம் இல்லாமையே. தமிழகப் பக்கம் 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னையில் கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள் வேலைவாய்ப்பை முதன்மையாகக் கொண்டவை. படிப்பை இடையில் விட்டவர்களுக்கு அவை உதவின. பட்டத்தோடு இணைக்கும் கேள்விக்கு அவற்றில் விடை தேட முடியாது.

விடை இலங்கையிலேயே இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தில் முதலாண்டு முடித்தால் டிப்ளோமா, இரண்டாமாண்டு முடித்தால் உயர் டிப்ளோமா, மூன்றாமாண்டு முடித்தால் பட்டம் என்ற ஒழுங்கு வந்தது. இடையில் நின்றவர் வெறுங்கையோடு போவதில்லை. தொடர விரும்பியவர் மீண்டும் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டியதில்லை. இலங்கைத் தகைமைச் சட்டகமும் ஓராண்டுக்கு 30 திறன்மதிப்புகள் என்ற கணக்கில் டிப்ளோமாவை மூன்றாம் மட்டத்திலும், உயர் டிப்ளோமாவை நான்காம் மட்டத்திலும், பட்டத்தை ஐந்தாம் மட்டத்திலும் வைத்திருக்கிறது. ஆகவே சட்டகம் தயார். அதைப் பயன்படுத்தும் ஒப்பந்தம்தான் மட்டக்களப்பில் தேவை.

அந்த ஒப்பந்தத்தோடு இயங்கும் ஈராண்டுக் கல்லூரி ஏன் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் அமைய வேண்டும் என்று கேட்கலாம். வாவியின் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. இரண்டு கரையின் பஸ்களும் வந்து சேருமிடம் நகரம். ஆயித்தியமலையிலிருந்து ஒரு மாணவி வருவதாக வைத்துக்கொள்வோம். வவுணதீவு தாண்டி வலையிறவுப் பாலத்தால் நகரத்துக்கு வந்துவிடுவாள். வந்தாறுமூலைக்குப் போவதானால் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ஏறாவூரும் செங்கலடியும் கடக்க வேண்டும். கோவில்குளம் போவதானால் தெற்கே போகும் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். இரண்டு பஸ் காசு, இரண்டு காத்திருப்பு. பொழுது சாய்ந்தால் படுவான்கரைப் பஸ்கள் குறைந்துவிடும். வீட்டில் தாய் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். படிப்பை நிறுத்தும் முடிவு பெரும்பாலும் பாடத்தின் கடினத்தால் எடுக்கப்படுவதில்லை. இந்தக் கணக்கால் எடுக்கப்படுகிறது. ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து போகும் தூரத்தில் கல்லூரி இருப்பது, பல பெண் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையை விடப் பெரியது.

கட்டடம்? 1814இல் வில்லியம் ஓல்ட் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1820இல் தொடங்கிய வின்சன்ட் மகளிர் பாடசாலையும், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் இந்த நகரத்தில்தான் உள்ளன. பிற்பகல் 1.30க்கு மணியடித்ததும் இத்தகைய பாடசாலைகளின் விஞ்ஞான கூடங்களும் கணினி அறைகளும் பெரும்பாலும் பூட்டப்படுகின்றன. அதே மாணவர்கள் தெருவுக்கு அப்பால் ஓலையும் தகரமும் வேய்ந்த டியூஷன் கொட்டில்களில் நெருக்கியடித்து இருக்கிறார்கள். இரண்டு மணி முதல் ஐந்து மணிவரை இளையோருக்கும், சனி ஞாயிறில் கச்சேரியிலும் வங்கியிலும் கடைகளிலும் வேலை செய்வோருக்கும் வகுப்பு வைத்தால், முதல் சில ஆண்டுகளுக்குப் புதிய கட்டடமே வேண்டாம். ஜோலியற்றும் அப்படித்தான் தொடங்கியது.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பெரும்பாலும் வேறு வேறு பாடசாலைகளில் வளர்கிறார்கள். போர்க்காலம் அந்தப் பிரிவை ஆழமாக்கியது. 1995இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானதன் பின்னணியிலும் அந்தக் காயம் இருக்கிறது. காத்தான்குடி, ஏறாவூர், கொக்கட்டிச்சோலை, வாழைச்சேனைப் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்து தங்கள் பொதுமொழியான தமிழில் கேள்வி கேட்டு, ஆங்கிலத்தில் எழுதப் பழகும் இடம் ஒன்று நகரத்தின் நடுவில் வேண்டும். பயிற்றுமொழி முழுக்க ஆங்கிலம் என்று முதல் நாளே அறிவித்துவிட்டு, தமிழ்மூலம் படித்து வந்தவரைத் தடுமாற விடுவது ஏற்கெனவே பல டிப்ளோமா வகுப்புகளில் நடக்கிறது. முதல் ஆறு மாதமாவது இருமொழியில் கற்பிப்பது ஆடம்பரமல்ல.

பட்டதாரிக்கே வேலையில்லாதபோது பட்டத்துக்கு இன்னொரு வழி எதற்கு என்ற வாதம் வலுவானது. 2017இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை நகரம் கண்டது. ஆனால் அவர்களுள் பலர் பட்டம் வரும்வரை எந்தத் தொழிலோடும் தொடர்பில்லாமல், அரச நியமனம் ஒன்றையே நம்பிப் படித்தவர்கள். இரண்டாமாண்டு முடிவில் கணக்கியலோ, மின்னியலோ, மருந்தகப் பணியோ, நன்னீர் மீன்வளர்ப்போ கையில் இருக்கும் ஒருவர், பட்டத்தைத் தொடர்ந்தாலும் தொடராவிட்டாலும், நியமனக் கடிதத்துக்காகப் பூங்காவில் இருக்க வேண்டிய நிலைக்கு எளிதில் வரமாட்டார்.

செய்ய வேண்டியது பெரிய சட்டமல்ல. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மூதவை, வர்த்தகம், விவசாயம், விஞ்ஞானம் ஆகிய மூன்று துறைகளில் மட்டும் தொடங்கி, ஈராண்டு உயர் டிப்ளோமாவின் எந்தப் பாடம் தன் எந்தப் பாடத்துக்கு நிகர் என்று பட்டியலிட்டு ஏற்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஒரு தொகை இடங்களை, இஸட் புள்ளியைத் திரும்பக் கேட்காமல், டிப்ளோமாவின் பெறுபேற்றை மட்டும் வைத்து நிரப்ப மானியங்கள் ஆணைக்குழு அனுமதிக்க வேண்டும். கல்லூரி எத்தனை ஆண்டு சிறப்பாக நடந்தாலும் அதைப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தக் கூடாது என்ற நிபந்தனையை அதன் தாபன விதியிலேயே எழுதிவைக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனைக்கே அரசியல்வாதிகளிடமிருந்து எதிர்ப்பு வரும்; 1991இன் கல்லூரிகளுக்கு நேர்ந்தது மீண்டும் நேராதிருக்க அதுவே முதலில் எழுதப்பட வேண்டியது.