லத்தி அள்ளிய கைகள்

1886இல் லண்டனில் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி வெளியானது. இந்தியாவில் இருந்த வெள்ளையர்களின் பேச்சில் புழங்கிய சொற்களைத் தொகுத்த நூல். குதிரைக்குப் புல் வெட்டும் வேலையாளைப் பற்றியும் அதில் ஒரு பதிவு உண்டு. வடக்கே அந்த வேலையை ஒரு ஆண் பார்ப்பான், தெற்கே குதிரைக்காரனின் மனைவியே பார்த்துவிடுவாள் என்று போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி நமக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

யார் அந்தக் குதிரைக்காரரும் அவர் மனைவியும்? மாட்டிறைச்சி சமைக்கிற வெள்ளைக்காரன் வீட்டில் கால் வைக்கச் சாதி இந்துக்கள் தயங்கிய காலம். சென்னையிலும் அதைச் சுற்றியிருந்த ராணுவக் குடியிருப்புகளிலும் சமையலறைக்கும் லாயத்துக்கும் ஆள் போனது பெரும்பாலும் பறச்சேரிகளிலிருந்துதான். அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். திருக்குறள் சுவடியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் என்பதால் அவர் பெயர் நமக்குத் தெரியும். அதே வளவின் பின்கட்டில் லாயத்தைக் கூட்டியவர் கையில் சுவடி இல்லை, கூடைதான் இருந்தது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அந்தக் கூடையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. லத்தி என்றால் நம் தோழர்களுக்குப் போலீஸ்காரர் கையில் இருப்பதுதான் நினைவுக்கு வரும். யானை, குதிரை, கழுதைச் சாணத்துக்கும் தமிழில் அதுதான் பெயர்.

சுமார் 450 கிலோ எடையுள்ள ஒரு குதிரை ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோ வரை லத்தி போடும். ஒரு குதிரைப்படைப் பிரிவில் 400 குதிரைகள் என்று வைத்துக்கொண்டால் தினமும் 6 முதல் 8 டன். மூத்திரம், நனைந்த வைக்கோல் எல்லாம் தனிக்கணக்கு. இதை ஒரு நாள் அள்ளாமல் விட்டால் லாயம் ஈக்காடாகும். ஈரத்தில் நிற்கும் குளம்பு அழுகும். குளம்பு போன குதிரை ராணுவத்துக்கு உதவாது.

லாயமாவது கண்ணுக்குத் தெரியும். வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில் நடப்பது இன்னும் நுட்பமானது. மாடு போல எங்கும் சாணம் போட்டுக்கொண்டே மேயாது குதிரை. ஒரு பக்கம் மேயும், இன்னொரு பக்கம் லத்தி போடும். லத்தி கிடக்கும் பக்கம் புல் செழித்து வளரும், ஆனால் குதிரை அதில் வாய் வைக்காது. மேயும் பக்கத்தையோ வேரோடு கரண்டிவிடும். அப்படியே விட்டால் கொஞ்ச காலத்தில் நிலத்தின் ஒரு பகுதி மொட்டையாகவும் மறுபகுதி வீண் புதராகவும் ஆகிவிடும். கூட்டம் அதிகமாகி இடம் குறைந்தால் வேறு வழியின்றி லத்தியோரப் புல்லையும் குதிரை தின்னும். ஆபத்து அங்கேதான். லத்தியில் வெளியேறும் புழு முட்டைகள் பொரித்து, வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குள் புல் நுனிக்கு ஏறிவிடும். குதிரை தின்றால் மறுபடி வயிற்றுக்குள். அவற்றில் ஒரு வகை, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்தையே அடைத்துக் குதிரையைத் துடிக்கத் துடிக்கக் கொன்றுவிடும்.

ஆகவே லத்தியை அள்ள வேண்டும். அள்ளியதைக் குவித்து மட்கவிட்டால் குவியலின் உள்சூட்டில் முட்டைகள் சாகும். கடும் வெயில் காலத்தில் கிளறிப் பரப்பினாலும் காய்ந்து சாகும், மழைக்காலத்தில் அதையே செய்தால் நிலம் முழுக்கப் புழுவை விதைத்ததாகிவிடும். குதிரைகளை மாற்றிவிட்டு அதே நிலத்தில் மாடு மேய்த்தால் குதிரை ஒதுக்கிய புல்லை மாடு தின்னும். குதிரைப் புழு பெரும்பாலும் மாட்டின் வயிற்றில் பிழைக்காது. இதெல்லாம் அறிவா இல்லையா? கால்நடைகளுக்கு நம்பகமான குடற்புழு மருந்துகள் வந்தது 1940க்குப் பிறகுதான். அதற்கு முன் கூடையும் கையும்தான் மருந்து. மருந்துகள் பெருகிய பிறகு, 1980களில், வாரம் இருமுறை லத்தியை அகற்றினாலே புழுத்தொல்லை வெகுவாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டின. இப்போது புழுக்கள் மருந்துக்குப் பழகிவிட்டதால் கால்நடை மருத்துவர்கள் மறுபடியும் கூடையைத்தான் பரிந்துரைக்கிறார்கள். அதே காரியத்தை மருத்துவர் சொன்னால் மேய்ச்சல் மேலாண்மை, சேரிக்காரர் செய்தால் எடுபிடி வேலை.

ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணை 1824இல் தொடங்கப்பட்டது. கம்பெனி ராணுவத்துக்குக் குதிரை தயார் செய்யத்தான் அத்தனை நிலமும் வளைக்கப்பட்டது. 1,600 ஏக்கருக்கு மேல். ஆண்டு தெரிகிறது, பரப்பளவு தெரிகிறது. லத்தி அள்ளியவர்கள் எத்தனை பேர் என்பதை அந்தப் பெருமைகளோடு சேர்த்துச் சொல்பவர் யாருமில்லை.

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம். சென்னை மாகாணத்தில் குதிரைக்கு வேகவைத்த கொள்ளும் அருகம்புல்லும்தான் முக்கியத் தீவனம். அருகம்புல் தரையோடு படரும். குனிந்து, குந்தி உட்கார்ந்து, சிறு கருவியால் செதுக்க வேண்டும். வேரில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மண் வயிற்றில் தங்கினால் வலி கண்டு செத்துப்போகும். எனவே செதுக்கி, உதறி, அடித்து, தேவைப்பட்டால் அலசி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வர வேண்டும். மழை தப்பிய வருஷங்களில் அந்தப் புல்லுக்காக எவ்வளவு தூரம் நடந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். குதிரைச் சாணத்திலும் அது விழும் மண்ணிலும் வில்வாத ஜன்னிக் கிருமி இருக்கும். வெறுங்கால், கையில் செதுக்குக் கருவி, தினமும் ஏதாவது ஒரு கீறல். அந்த நோய்க்கான தடுப்பூசி 1920களில்தான் உருவானது.

இவ்வளவு செய்தும் அவள் ராணுவத்தின் ஆள் அல்ல. அவள் கணவரே ஆள் அல்ல. சிப்பாய் ஒரு கணக்கு, 'பின்தொடர்வோர்' வேறு கணக்கு. முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து திரட்டப்பட்டவர்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் போரிடாத வேலையாட்கள். தோட்டிகள், தண்ணீர் சுமப்பவர்கள், குதிரைக்காரர்கள், புல்வெட்டிகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான். டெல்லியில் தீன்மூர்த்தி சின்னத்தில் 1918இல் பாலஸ்தீனப் பகுதியில் போரிட்ட ஜோத்பூர், ஐதராபாத், மைசூர் குதிரைப்படைகளுக்கு மூன்று சிலைகள் நிற்கின்றன. கூடையோடு யாரும் நிற்கவில்லை.

'குதிரையைத் தொட்டுப் பழகிய சமூகம் குதிரை ஏறியிருக்குமே' என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். தொடலாம், தேய்க்கலாம், அதன் கழிவை அள்ளலாம். ஏறுவது வேறு விஷயம். 1929இல் அம்பேத்கர் சாலிஸ்கான் போனபோது குதிரை வண்டிக்காரர்கள் யாரும் அவரை ஏற்றிச் செல்ல ஒப்பவில்லை. கடைசியில் ஏற்பட்ட சமரசத்தைக் கவனியுங்கள்: வண்டியும் குதிரையும் வாடகைக்கு வரும், வண்டிக்காரர் வரமாட்டார். குதிரைக்குத் தீட்டு இல்லை, கடிவாளம் பிடிப்பவருக்குத்தான் தீட்டு. ஓட்டிப் பழக்கமில்லாத மகார் ஒருவர் ஓட்ட, பாலத்தில் வண்டி மாட்டி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் சொந்தக் குதிரை வைத்திருந்த 21 வயது தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை ஏறியதுதான் காரணம் என்று தந்தை புகார் கொடுத்தார்.

கடைசியாக, புல் முளைத்த நிலம். செங்கல்பட்டு மாவட்டத்தில் தரிசின் மீதும் மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். பறையர் ஒருவர் தரிசு கேட்டு மனுப்போட்டால் மிராசுதாரர் குறுக்கே வந்து தனக்கே முன்னுரிமை என்பார். ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் இதையெல்லாம் எழுதி அனுப்பினார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. நாம் இன்றும் தேடிக்கொண்டிருக்கும் பஞ்சமி நிலத்தின் தொடக்கம் அது. அதுவரை, புல் செதுக்கியவளுக்கு அந்தப் புல் முளைத்த மண்ணில் ஒரு குழி நிலம் கேட்கவும் வழியில்லை. குதிரைகளுக்கு அந்தக் கஷ்டம் இருந்ததில்லை. கிண்டியில் 160 ஏக்கர் பந்தய மைதானம் 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது, வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா. 2024 செப்டம்பரில்தான் அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்வதாக அறிவித்தது.

பரங்கிமலை பீரங்கிப் படையின் இடம், அந்தப் பீரங்கிகளை இழுத்தவை குதிரைகள். பரங்கிமலை, பல்லாவரம், மத்திகிரி பக்கத்துச் சேரிகளில் உங்களுக்கு உறவு இருந்தால், வயதானவர்களிடம் போய்க் கேளுங்கள். லாயத்தில் யார் இருந்தார்கள், என்ன கூலி, எந்த ஏரிக்கரையில் புல் செதுக்கினார்கள், ஒரு நாளைக்கு எத்தனை கட்டு, அந்த அம்மாவின் பெயர் என்ன. எழுதி அனுப்பினால் இங்கேயே போடுகிறேன்.