கேட்டவரும் கேளாதவரும்

ஐடா ஸ்கடரும் ஏமி கார்மைக்கேலும் ஏறத்தாழ ஒரே வயதினர். ஏமி 1867இல் அயர்லாந்தின் கடலோர ஊர் ஒன்றில் பிறந்தார். ஐடா 1870இல் நம் ராணிப்பேட்டையில், மிஷனரி மருத்துவர் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையாகப் பிறந்தார். ஐடா வேலூரிலும் ஏமி டோனாவூரிலும் ஆயுளைக் கொடுத்தார்கள். இருவரையும் தியாகச் செம்மல்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நம் சபைகளின் வழக்கம். அதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுடைய துணிச்சல் ஒரே வகையானதல்ல.

ஐடாவுக்குத் தொடக்கத்தில் ஊழியத்தில் விருப்பமே இருந்ததில்லை. நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத்தான் திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வாசலில் வந்து நின்றார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனாலும் ஆண் தொட்டு வைத்தியம் பார்ப்பதை அந்தக் குடும்பங்கள் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவரை அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது; 1899இல் பட்டம் பெற்றார்.

ஏமியின் கதை வேறு. ஊழியத்தைத் தேடிக்கொண்டே ஜப்பான், இலங்கை என்று அலைந்து 1895இல் இந்தியா வந்தவர் அவர். 1901 மார்ச்சில், கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்ட வைத்திருந்த பிரீனா என்ற சிறுமி தப்பி ஓடி, பண்ணைவிளையில் அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். ஊர் ஊராகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர் குழந்தைகளுக்குத் தாயாகி, டோனாவூரிலேயே தங்கிவிட்டார்.

இருவரும் பிரியும் இடம் பணம். ஐடா கேட்டார். இந்தியாவுக்குத் திரும்புமுன்பே ஷெல் என்ற செல்வந்தரிடம் மருத்துவமனைக்காகப் பத்தாயிரம் டாலர் பெற்றுவிட்டார். 1902இல் வேலூரில் அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது. வாழ்நாள் முழுக்க அரசிடமும் சபைகளிடமும் அமெரிக்கப் பெண்களிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏமி யாரிடமும் கேட்கவில்லை. தேவையை ஜெபத்தில் மட்டுமே வைத்தார். ஏமியின் வழியே மேலான விசுவாசம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அறுவைச் சிகிச்சை அறைக்கும் மருத்துவப் பள்ளிக்கும் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். அங்கே கூச்சத்தை விடுவதே விசுவாசம். கோயிலிலிருந்து வந்த குழந்தையை ஒளித்துக் காப்பாற்றுகிறவருக்கோ, கொடுத்தவர் வந்து கட்டளையிடாத சுதந்திரம் வேண்டும். குழந்தையைக் கடத்தினார் என்ற வழக்குக்கு ஏமி எந்நாளும் தயாராக இருக்க வேண்டியிருந்தது. கண்டதை மறைக்காமல் அவர் எழுதிய புத்தகம் 1903இல் வந்தபோது மிஷனரிகளிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். சொந்தக் கூட்டத்தின் அதிருப்தியைத் தாங்குவதைப் பெரிய துணிச்சலாகவே நான் கருதுகிறேன்.

ஆனால் ஏமியைப் பற்றிப் பேசிவிட்டுப் பொன்னம்மாளை விட்டுவிடுவது அநியாயம். இளம் விதவையான பொன்னம்மாள் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏமியுடன் கிராமம் கிராமமாக நடந்தவர். மருத்துவமனைக்கு அருகில் இருக்கட்டும் என்று கைக்குழந்தைகளை நெய்யூரில் வைத்தபோது அவரே பொறுப்பேற்றார். இரவெல்லாம் பால் புகட்டுவதும் மலம் துடைப்பதும் துணி அலசுவதும் ‘நல்ல குடும்பத்துப் பெண்’ தொடாத வேலை என்றிருந்த காலம் அது. பொன்னம்மாள் முதலில் தாமே கைவைத்தார், மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். வயிற்றுக்கடுப்பு பரவிப் பிள்ளைகள் இறந்தபோதும் விட்டுப்போகவில்லை. 1915இல் புற்றுநோயால் இறந்தார். யாரும் ஏவாமல் செய்த அந்த ஊழியம் இல்லாவிட்டால் டோனாவூர் ஒரு நல்லெண்ணமாகவே நின்றிருக்கும்.

ஐடாவுக்கு அப்படி வாய்த்தவர்கள் அவருடைய மாணவிகள். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். விண்ணப்பங்கள் சொற்பமே வரும் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள், வந்தவையோ 151. 1922இல் முதல் அணியாகப் பதினான்கு பெண்கள் மருத்துவர்களாக வெளியே வந்தார்கள். ஐடா ஆட்களை அனுப்பிவைப்பதற்காகவே வளர்த்தார். ஏமி, தம்முடனேயே தங்கிச் சேவை செய்வதற்காக வளர்த்தார். டோனாவூர் வேலி கட்டிய குடும்பமாகவே இருந்தது. ஆபத்தான அக்காலத்துக்கு வேலி தேவைதான். ஆனால் வேலிக்குள் வளர்ந்தவர்கள் வெளியுலகத்தைச் சந்திப்பது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1931இல் களக்காட்டில் விழுந்து கால் முறிந்தபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளிருந்தே எழுத்தாலும் கடிதங்களாலும் ஏமி தலைமை தாங்கினார். வலியோடு செய்த அந்த வேலைக்குமுன் தலை வணங்குகிறேன். ஆயினும் ஐடாவின் கடைசி முடிவு அதைவிடக் கடினமானது. எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பாக உயர்த்தினால்தான் அவருடைய மருத்துவப் பள்ளி நிலைக்கும் என்று அரசு விதி வந்தது. அதற்குப் பல சபைகளின் கூட்டு வேண்டும். கூட்டு வேண்டுமென்றால் ஆண்களையும் சேர்க்க வேண்டும். பெண்களுக்காகவே பணம் திரட்டித் தந்த தோழிகள் சிலர் கொதித்தார்கள். தம் வாழ்நாள் கனவைத் தாமே திருத்த ஐடா சம்மதித்தார். எழுபது வயதில் அமெரிக்கா போய் மறுபடியும் கையேந்தினார்.

1947இல் வேலூரில் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. ஏமி டோனாவூரில் ஒவ்வொரு குழந்தையாகக் காத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் கிறிஸ்தவரல்லர், ஐடாவின் மாணவியுமல்லர். ஆனால் அவரும் ஒரு மருத்துவர்.