அணிக்குப் பெயர் வந்த கதை

“சார், இது உவமையா, உருவகமா?” பாட்டைப் படித்ததும் மாணவர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பேரைச் சொல்லிட்டா புள்ளி கிடைச்சிடும் என்ற நினைப்பு. ஆனால் நம் இலக்கண வரலாற்றில் நயம் முதலில் வந்தது. பெயர்கள் பின்னால் பெருகின.

தொல்காப்பியத்தில் அணிகளுக்கென்று நீண்ட பட்டியல் கிடையாது. பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஏழாவதான உவமவியல், உவமை எதிலிருந்து பிறக்கிறது என்று பார்க்கிறது. அது சொல்லும் அடிப்படை நான்கு:

வினை: புலிபோலப் பாய்ந்தான்.
பயன்: மழைபோல வாரிக் கொடுத்தான்.
மெய் (வடிவம்): உடுக்கை போன்ற இடை.
உரு (நிறம்): பவளம் போன்ற உதடு.

உருவகத்துக்கு அங்கே தனி இடம் இல்லை. உவமைக்குள்ளேயே அது அடங்கியது.

11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் எழுத்து, சொல், பொருள், யாப்போடு அலங்காரத்தையும் சேர்த்து இலக்கணத்தை ஐந்தாக்கியது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம், வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவி 35 பொருளணிகளை வகுத்தது. உருவகமும் தற்குறிப்பேற்றமும் அவற்றில் அடங்கும்.

அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மதுரை மதில்மேல் காற்றில் ஆடும் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டித் தடுப்பதாகச் சிலப்பதிகாரம் பாடிவிட்டது. கொடி ஆடுவது இயல்பு; தடுப்பது கவிஞர் ஏற்றிய குறிப்பு. வரப்போகும் துயரத்தை நமக்கு முன்கூட்டியே உணர்த்துகிறார். இந்த உத்திக்குத்தான் பின்னாளில் தற்குறிப்பேற்ற அணி என்று பெயர் நிலைத்தது.

இதை வகுப்பில் சொல்ல, சித்தியவான் வட்டாரத்துப் பால்மரமே போதும்.

“பால் கண்ணீர்போல வடிந்தது” என்றால் உவமை. “பாலாகிய கண்ணீர் மங்கில் நிறைந்தது” என்றால் உருவகம், இரண்டும் ஒன்றாகிவிட்டன. “தொழிலாளியின் நிலைகண்டு மரம் அழுதது” என்றால் தற்குறிப்பேற்றம். வெட்டிய இடத்தில் பால் வடிவது இயல்பு. அழுகை நாம் ஏற்றியது.

காட்சி ஒன்றுதான், சொல்லும் முறைதான் மூன்று. ஆகவே தேர்வில் அணியின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். எது இயல்பு, கவிஞர் எதைச் சேர்த்தார், அதனால் என்ன உணர்வு பிறக்கிறது என்று மூன்று வரி எழுதுங்கள். அப்படி எழுதப் பழகியவர், பெயர் மறந்துபோனாலும் பாட்டின் நயத்தை விளக்கிவிடுவார்.