குரு வருமுன் கூடிய சபை

சபை என்றால் முதலில் குரு, அவருக்குப் பின்னால் ஜனம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். திருநெல்வேலிச் சீமைப் புராட்டஸ்டண்ட் சபையின் சரித்திரத்தைப் பார்த்தீர்களானால் விஷயம் தலைகீழாக இருக்கிறது. கடை அடைத்தபின் இராத்திரிகளில் பழைய நூல்களைப் புரட்டியதில் என் மனசில் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கே வளர்ந்த சபையில் மூன்று படிகள் இருந்தன. ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்கும் உரிமை குருவுக்கு. ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, வேதம் வாசிப்பது, வியாதிக்காரரைப் போய்ப் பார்ப்பது எல்லாம் உபதேசியார் வேலை. கேட்டு நடப்பவர்கள் சபையார். 1733-இல் கடலூர்க்காரரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார்; லுத்தரன் சபையில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆனால் தஞ்சாவூர்ப் படையில் சேவகராயிருந்து உபதேசியாரான இராஜநாயக்கனுக்கு, அத்தனை ஊழியம் செய்தும், சாதியைக் காரணம் காட்டி அந்தப் பட்டம் கிடைக்காமலே போச்சு. மறைக்கக் கூடாத குறை இது.

இனி பாளையங்கோட்டைக்கு வருவோம். அங்கே சவரிமுத்து என்ற கிறிஸ்தவர் மற்றவர்களுக்கு வேதம் வாசித்துக் காட்டி வருகிறார் என்று 1771-இலேயே சுவார்ட்ஸ் ஐயர் குறித்து வைத்திருக்கிறார். அப்போது அந்த ஊரில் குருவும் கிடையாது, கோயிலும் கிடையாது. தஞ்சாவூர் மராட்டியப் பிராமண குலத்து விதவை ஒருவர் அங்கே ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்து வந்தார். அந்த வாழ்க்கையைச் சொல்லி முதலில் ஞானஸ்நானம் தர மறுத்த சுவார்ட்ஸ், அதிகாரி இறந்தபின் 1778-இல் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயர் பெற்ற அந்த அம்மாள்தான் முன்னின்று கோயில் கட்டினார். 1785-இல் பிரதிஷ்டை நடந்தது. அதற்கு முன்பே, 1780-இல், சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். பல சாதியார் அதில் உண்டு. உபதேசியாராயிருந்த சத்தியநாதன் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்று இந்தச் சபைக்கு அனுப்பப்பட்டதோ 1790-க்குப் பிறகுதான்.

அந்தச் சபையாரில் ஒருவர் தேவசகாயம் பிள்ளை. அவருடைய மகனைச் சிறுவயதிலேயே சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் ஆசிரியராகவும் கவிஞராகவும் விளங்கிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). கேட்டவர் வீட்டிலிருந்தே சொல்பவர் வந்தார்.

எங்கள் சமணத்தில் இல்லறத்தாரைச் சாவகர் என்பார்கள். கேட்பவர் என்று அர்த்தம். துறவியரோடு அவர்களும் சேர்ந்தால்தான் சங்கம் முழுமையாகும். பாளையங்கோட்டைக் கதையைப் படித்தபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது. போதகருடைய மதிப்பை இது குறைப்பதாகாது. சத்தியநாதன் வந்தபின் சபை பலப்பட்டது உண்மை. ஆனால் அவர் வருவதற்கு ஓர் இடம் வேண்டுமே, அதை உண்டாக்கி வைத்தவர்கள் வாசித்துக்காட்டிய சவரிமுத்துவும், ஒரு விதவை அம்மாளும், பதிவேட்டில் பெயர் மட்டும் மிஞ்சிய சாதாரண ஜனங்களும்தான்.

ஊர்விட்டு ஊர் வந்து சங்கம் நடத்துகிற நமக்கும் இது புரியாத விஷயமல்ல. யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தபின்தானே மேடையும் தலைவரும் வந்தார்கள்!