உயிர் மீட்கும் கலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஆயினும் அதன் வாழ்வு நீரைச் சார்ந்தே அமைந்துள்ளது. வளவுக்கு ஒரு கிணறு, தோட்டத்துக்கு ஒரு கிணறு, ஊருக்கொரு குளம், சுற்றிலும் கடலும் கடனீரேரியும் என அமைந்த நிலம் அது. கிணற்றில் தவறி வீழ்ந்த குழந்தை, தோணி கவிழ்ந்து தத்தளித்த மீனவர், நீரிறைக்கும் இயந்திரத்தில் மின்சாரம் தாக்கிய கமக்காரர் ஆகியோரின் துயரக் கதைகளைக் கேளாதார் அங்கு அரியர். அத்தகைய வேளையில் முதற்கண் அருகில் நிற்பவர் வைத்தியர் அல்லர். தாயோ, அயலவரோ, உடன் தொழில் செய்பவரோ ஆவர். மூச்சு நின்றவரை மீட்கும் கலையின் வரலாறு, அருகில் நிற்பவரின் கைக்கு அறிவு வந்து சேர்ந்த வரலாறே ஆகும்.

1732ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்து நாட்டிலே, நிலக்கரிச் சுரங்கப் புகையால் மூச்சற்றுக் கிடந்த தொழிலாளி ஒருவருக்கு, வில்லியம் தொசாக் என்னும் வைத்தியர் தம் வாயினால் காற்றூதி உயிர்ப்பித்தார். 1767இல், கால்வாய்கள் நிறைந்த அம்ஸ்ரடாம் நகரத்தார், நீரில் மூழ்கியோரை மீட்பதற்கென ஒரு சங்கத்தை நிறுவினர். அக்காலத்தில் யாழ்ப்பாணக் கோட்டையில் ஆட்சி செலுத்தியோரும் அதே ஒல்லாந்தரே என்பது நினைக்கத் தக்கது. மீட்க முன்வந்த பொதுமக்களுக்குச் சங்கம் பரிசளித்தது. உடலைச் சூடாக்குதல், வாயால் காற்றூதுதல் ஆகிய நல்ல முறைகளோடு, குடலுக்குள் புகையிலைப் புகை செலுத்துதல் போன்ற பயனற்ற முறைகளும் அன்று கலந்திருந்தன. 1774இல் இலண்டனிலும் இத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது.

மேலைநாட்டில் அறிவு பிறந்தால் மட்டும் போதுமோ? அது கிராமத்தை அடைவதற்கு மொழி என்னும் பாலம் வேண்டும். இதனை யாழ்ப்பாணத்தில் உணர்ந்து செயற்பட்டவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிசனைச் சேர்ந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியப் பணியும் போதனையும் நடத்தினார். ஆங்கிலத்தில் பயின்றோர் உத்தியோகம் நாடி வேற்றூர் செல்லக் கண்டு, தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம் முதலிய துறைகளின் நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்டோர் வைத்தியராயினர். அரிய அறிவு ஊர்மக்களிடையே தங்க வேண்டுமாயின் அது ஊர்மக்களின் மொழியில் வழங்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு புகட்டும் பாடம்.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பியபோதும் உயிர்மீட்புக் கலை முழுமை பெற்றிருக்கவில்லை. கைகளை உயர்த்தித் தாழ்த்துதல், முதுகை அமுக்குதல் போன்ற முறைகளே நெடுங்காலம் வழங்கின. 1950களின் பிற்பகுதியில் பீற்றர் சாபர் என்னும் வைத்தியர், வாயோடு வாய் வைத்து ஊதும் முறையே அவற்றினும் சிறந்ததெனப் பரிசோதனைகளால் நிறுவினார். 1960இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவர், மார்பை வெளியிலிருந்து அழுத்தியே குருதியை ஓடச் செய்யலாம் எனக் காட்டினர். மூவருள் கூவன்ஹோவன் வைத்தியர் அல்லர், மின்பொறியியற் பேராசிரியர். மார்பைப் பிளக்க வேண்டியதில்லை, கருவியும் வேண்டியதில்லை, இரு கைகளே போதும் என்பது அன்று தெளிவாயிற்று. இவ்விரு முறைகளும் இணைந்ததே இன்று சி.பி.ஆர். என வழங்கும் முதலுதவி.

இருதயம் நின்றபின் நான்கு முதல் ஆறு நிமிடத்துக்குள் மூளை கெடத் தொடங்கும். 2016இல் இலங்கையில் தொடங்கி, 2018இல் வட மாகாணத்துக்கும் வந்த 1990 இலவச அம்புலன்ஸ் சேவை பெரும் வரப்பிரசாதமே. எனினும் எத்துணை விரைந்து வரினும் முதற் சில நிமிடங்கள் அயலவருக்கே உரியவை. அந்நிமிடங்களை, மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதிலும் வயிற்றை அமுக்குவதிலும் இழத்தல் கூடாது.

செய்ய வேண்டுவன சிலவே. அழைத்தும் உணர்வின்றி, இயல்பான மூச்சுமின்றி ஒருவர் கிடப்பின், 1990க்கு அறிவிக்கச் செய்க. மின்சாரம் தாக்கியவராயின் இணைப்பைத் துண்டித்த பின்னரே தொடுக. வளர்ந்தவராயின், மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துக. பயின்றவர் முப்பது அழுத்தத்துக்கு இரு முறை வாயால் ஊதுக. நீரில் மூழ்கியவருக்கு மூச்சூதுதலே முதலில் வேண்டும். பயிலாதவர் அழுத்துதலையேனும் உதவி வரும்வரை விடாது செய்க.

கேட்டறிதல் வேறு, கை பழகுதல் வேறு. பாவையொன்றின் மேல் ஒரு பிற்பகல் பயின்றாலே இத்திறன் கைகூடும். பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் மீனவர் சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இப்பயிற்சியைத் தமிழில் நடத்துமாயின், மானிப்பாயில் ஒரு காலத்தில் தொடங்கிய பணி கிணற்றடிக்கும் கடற்கரைக்கும் வந்து சேரும்.