ஜப்பானில் மறதி நோய்க்கான சமூக ஆதரவு

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வந்தவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் உதவியாக ஜப்பானில் அரசும் நகராட்சிகளும் ஊராரும் சேர்ந்து நடத்திவரும் ஏற்பாடுகள் உலக அளவில் கவனம் பெற்றவை. தொடக்கத்தில் எல்லாச் சுமையும் வீட்டுப் பெண்கள்மேல்தான் இருந்தது. வேலைக்குப் போகும் மருமகள் ஒருத்தி நினைவு தப்பிய மாமனாரைக் கவனிக்க நேர்வதைச் சொல்லும் சவாகோ அரியோஷியின் நாவல் 1972-இல் வெளியாகி அமோகமாக விற்றது. வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருந்த சங்கதி பொதுப்பேச்சானது. 1980-இல் நோயாளிகளின் குடும்பத்தினர் கியோட்டோவில் சங்கம் அமைத்தார்கள்.

2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லாரும் இதற்குச் சந்தா கட்ட வேண்டும். பகல் நேரப் பராமரிப்பு மையம், சில நாட்கள் தங்கவைக்கும் விடுதி, 9 பேர் வரை ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு வாழும் குழு இல்லம் ஆகியவை இதில் அடங்கும். பராமரிப்பவருக்கு ஒரு ராத்திரி நிம்மதியான தூக்கம் கிடைக்க வழி செய்ததே இத்திட்டத்தின் பெரிய சாதனை எனலாம். மருத்துவரிடம் வரவே மறுப்பவர், உதவிக்கு வருவோரை வாசலிலேயே விரட்டுபவர் போன்ற சிக்கலான நிலைகளில், மருத்துவரும் செவிலியரும் சமூகப் பணியாளரும் கொண்ட குழு வீட்டுக்கே போகிறது. பொதுவாக ஆறு மாதத்துக்குள் நிலையான உதவிக்கு வழி செய்துவிட்டு அது விலகிக்கொள்ளும்.

2005-இல் தொடங்கிய ஆதரவாளர் பயிற்சி 90 நிமிட வகுப்பு. கடைக்காரர்கள், வங்கி ஊழியர்கள், பள்ளிப் பிள்ளைகள் என ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இதில் படித்திருக்கிறார்கள். முடித்தவர்களுக்குக் கையில் அணிய ஆரஞ்சு வளையம் தரும் வழக்கம் உண்டு. திடுக்கிட வைக்காதே, அவசரப்படுத்தாதே, தன்மானத்தைப் புண்படுத்தாதே என்பவை இதன் மூன்று பாடங்கள். வளையம் போட்டவர் நடுராத்திரியில் வந்து நனைந்த படுக்கையை மாற்றப்போவதில்லைதான். ஆனால் ஒரே நாளில் மூன்றாம் முறை முட்டை வாங்க வந்த பாட்டியிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும்.

வழி தவறிப் போவது பெரிய கவலை. 2023-இல் மட்டும் மறதி நோயால் 19,000-க்கும் மேற்பட்டோர் காணாமல் போனதாகப் போலீசுக்குப் புகார் வந்தது. நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டு, முதியோர் மிகுந்துபோன ஓமுட்டா நகரம் 2004 முதல் இதற்கென ஒத்திகை நடத்துகிறது. ஒருவர் வழி தெரியாதவராக நடித்துத் தெருவில் நடப்பார். அடையாளக் குறிப்புகளைப் பெற்ற ஊரார் அவரைத் தேடிப் பிடித்து, முன்பக்கமாகப் போய் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பழகுவார்கள்.

சட்டப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை 2007 விபத்து ஒன்று எழுப்பியது. ஐச்சி மாகாணத்தின் ஓபு நகரில், 85 வயது மனைவி சற்றுக் கண்ணயர்ந்த வேளையில் வெளியேறிய 91 வயது முதியவர் ரயிலில் அடிபட்டு இறந்தார். ரயில் தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்காகச் சுமார் 72 லட்சம் யென் கேட்டு ரயில் நிறுவனம் குடும்பத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றங்கள் இழப்பீடு தரச் சொல்லின. 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குப் பொறுப்பில்லை எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் பல நகராட்சிகள் இத்தகைய விபத்துகளுக்குக் காப்பீடு எடுக்கத் தொடங்கின. 2019-இல் தொடங்கிய கோபே நகரத் திட்டத்துக்கான பணம், நகர வரியோடு ஆளுக்கு ஆண்டுக்கு 400 யென் கூடுதலாக வசூலிக்கப்படுகிறது.